கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐந்து சொற்கள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 60 பேர் வேலை செய்கிறோம். நேர்மை, மரியாதை, வெளிப்படைத்தன்மை, குழு உணர்வு, வாடிக்கையாளர் நலன் என்று ஐந்து விழுமியங்களைத் தேர்ந்தெடுத்து, ஃப்ரேம் போட்டு மாட்டினோம். பயிற்சி வகுப்பும் நடத்தினோம். ஒரு வருடமாகியும் அலுவலகம் அப்படியேதான் இருக்கிறது. போன காலாண்டில் மூன்று பேர் விலகிவிட்டார்கள். எங்கள் விற்பனை மேலாளர் மட்டும் கொஞ்சம் வாய் நீளம். ஆனால் பாதி வருமானம் அவரால் வருகிறது, தொட முடியாது. மற்றவர்கள் மனதில் இந்த விழுமியங்களை எப்படிப் பதிய வைப்பது? இன்னொரு வகுப்பு வைக்கலாமா?

பதில்: ஏற்கெனவே நன்றாகப் பதிந்துவிட்டது. பாதி வருமானம் கொண்டுவருகிறவர் யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பேசலாம் என்பதுதான் உங்கள் அலுவலகத்தின் விழுமியம். 60 பேருக்கும் அது மனப்பாடம். ஃப்ரேமில் இருக்கிற ஐந்தைத்தான் யாரும் நம்பவில்லை.

சுவரில் எழுதுவதற்குப் பெரிய யோக்கியதை தேவையில்லை. அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் நான்கு விழுமியங்களை அச்சிட்டிருந்தது: மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், மேன்மை. 2001 டிசம்பரில், கணக்கில் செய்த தில்லுமுல்லு வெளியே வந்து, திவாலானது. வாசகத்தில் ஒரு குறையும் கிடையாது. உங்கள் ஐந்தைவிட நன்றாகவே இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் கதை உங்களுக்கு இன்னும் கிட்டத்தில் வரும். வாடிக்கையாளர் நலனே முதன்மை என்று கையேடு போட்டார்கள். அதே சமயம் ஒரு வாடிக்கையாளர் தலையில் எட்டுக் கணக்கு, கார்டு, கடன் என்று கட்ட வேண்டும் என்று டார்கெட் வைத்தார்கள். கையேட்டைப் படிக்காவிட்டால் யாருக்கும் வேலை போகாது. டார்கெட்டை எட்டாவிட்டால் போகும். ஊழியர்கள் எதைப் பின்பற்றியிருப்பார்கள்? வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் விஷயம் வெடித்தபோது, அதற்குள் சுமார் 5,300 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது தெரிந்தது. அபராதம் 18.5 கோடி டாலர். ஆக, ஊழியர்கள் படிப்பது சம்பள உயர்வுப் பட்டியலைத்தான். அதில் யார் பெயர் இருக்கிறது, யாருடைய தவறு மூடி மறைக்கப்பட்டது என்பதுதான் அவர்களுக்குப் பாடப்புத்தகம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்திலும் சுவரில் 'வெளிப்படைத்தன்மை' இருந்தது. ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில், சேர்ந்து நான்கு மாதமான பையன் ஒருவன், "சார், இந்தத் தேதிக்குள் முடியாது, இன்னும் மூன்று வாரமாவது வேண்டும்" என்றான். தலைமையில் இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எடுத்ததுமே நெகட்டிவா பேசாதீங்க" என்றார். திட்டக்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த வாரம் முன்னேற்ற அட்டவணையில் எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது தாமதமே இல்லை. பையனுடையதும் பச்சை, என்னுடையதும் பச்சை. வேலை முடிந்தது நான்கு வாரம் தாமதமாக. அந்த ஒற்றை வரிக்குப் பிறகு எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம்.

டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். குறை கண்ணில் பட்டால் கடைநிலைத் தொழிலாளிகூட அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் காசு. தரத்துக்காக இவ்வளவு வரை இழக்கத் தயார் என்று நிர்வாகம் முன்கூட்டியே சொல்லி வைத்ததுதான் அந்தக் கயிறு. (பின்னாளில் பல இடங்களில் கயிறு போய்ப் பொத்தான் வந்துவிட்டது. யாரை அழுத்த விடுகிறோம் என்பதுதானே விஷயம்.)

இழப்பு என்றதும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நினைவுக்கு வருகிறது. பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில், பங்குதாரர் கடைசியில் என்று 1943இலேயே எழுதி வைத்த நிறுவனம். 1982இல் அவர்களுடைய டைலெனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து சிகாகோ பகுதியில் ஏழு பேர் இறந்தபோது, நாடு முழுவதிலிருந்தும் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். பத்துக் கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அதே நிறுவனம்தான் பிற்பாடு பேபி பவுடரால் புற்றுநோய் வந்தது என்ற ஆயிரக்கணக்கான வழக்குகளில் மாட்டியது. 1982இல் நல்ல பெயர் எடுத்ததைக் காட்டி அதிலிருந்து தப்பிக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஐந்து வேண்டாம், மரியாதை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலாளரைக் கூப்பிட்டு, "இனி யாரையும் பலர் முன்னால் அவமானப்படுத்தினால் இந்த வருட ஊக்கத்தொகை கிடையாது" என்று சொல்லுங்கள். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும் என்று சொல்ல உங்களால் முடியுமா? முடியாது என்றால் ஃப்ரேமைக் கழற்றிவிடுங்கள். ஊழியர்கள் அதைக் காட்டிச் சிரிப்பதாவது நிற்கும்.

வகுப்பு வேண்டவே வேண்டாம். அதற்கு ஒதுக்கிய நேரத்தில் விலகிப்போன மூவருக்கும் நீங்களே போன் செய்யுங்கள். எச்.ஆர். செய்தால் பதில் வராது. முதல் இருவர் நாகரிகமாக, "வீட்டுச் சூழ்நிலை சார்" என்று முடித்துக்கொள்வார்கள். மூன்றாமவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஆரம்பிப்பார். அப்போது குறுக்கே பேசாதீர்கள்.