அம்மா வீட்டுச் சாமான்: எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: அம்மா போன தையில் தவறிவிட்டார். கோபிசெட்டிபாளையம் பக்கம் உள்ள எங்கள் தொட்டிக்கட்டு வீட்டுக்கு ஆவணியில் கிரயம். அதற்குள் காலி செய்ய வேண்டும். நான் கோவையில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டில் இருக்கிறேன். சீர்ப் பாத்திரங்கள், பட்டுச் சேலைகள், ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) விரிக்கும் பெரிய பவானி ஜமுக்காளம், ஆல்பங்கள், கல்யாண வீடியோ கேசட், கடிதங்கள், ஆட்டுக்கல் என்று எதைத் தொட்டாலும் அழுகை வருகிறது. “அத்தனையும் எடைக்குப் போட்டுரு அம்மிணி” என்கிறார் அண்ணன். எதை வைத்துக்கொள்வது?
— வாசகி, கோவை

பதில்: முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள், பொருளைப் பிறகு பார்க்கலாம். பீரோவில் ஒரு தட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி, சமையலறையில் கைக்கு எட்டும் ஓர் அடுக்கு. இவ்வளவுதான் என்று ஒதுக்கிவிடுங்கள். அட்டாலியை, அதாவது பரணை, கணக்கில் சேர்க்க வேண்டாம். சித்திரை வெயிலில் கான்கிரீட்டுக்கு அடியில் பட்டும் போட்டோவும்தான் முதலில் கெடும். அங்கே ஏறிய பெட்டி பல வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் கையில் இறங்கும்போது, அது யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது.

மூன்று பொருள்களை இந்தக் கணக்கிலிருந்தே விலக்கிவிடுங்கள். பத்திரம், பட்டா, இறப்புச் சான்றிதழ் போன்றவை ஒன்று. நகை இன்னொன்று. அது சொத்து, பங்கு பேசித்தான் பிரிக்க வேண்டும். மூன்றாவது மொய் நோட்டு. பழைய நோட்டு என்று இதை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால் திருப்பிச் செய்ய வேண்டிய தொகை தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். ஊர், பெயர், உறவு மூன்றும் ஒரே வரியில் இருக்கிற ஏடு வீட்டில் வேறு எதுவும் இல்லை.

ஆல்பத்தை முதலில் திறக்காதீர்கள், திறந்தால் அன்றைய பொழுது அதோடு போச்சு. பாத்திரத்தில் தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் வெளிச்சத்தில் கவிழ்த்து வைத்து விளிம்பைப் பாருங்கள். சீராக வந்தவற்றில் பெரும்பாலும் பெயர் வெட்டியிருக்கும். புள்ளி புள்ளியாக, கொடுத்தவர் பெயரும் தேதியும். கறுத்துப்போயிருந்தால் புளியும் உப்பும் வைத்து லேசாகத் தேய்த்தால் எழுத்து எழும்பும். பெயர் இருப்பதில் இரண்டு, பெயர் இல்லாவிட்டாலும் அம்மா தினமும் புழங்கியதில் ஒன்று போதும். அளவில் சிறியதாகப் பாருங்கள். அண்டாவும் தவலையும் அபார்ட்மெண்டில் குடை வைக்கத்தான் ஆகும். சமைக்க நினைத்தால் பித்தளையின் உள்ளே ஈயப்பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் புளி, மோர், தக்காளி எதுவும் கூடாது. ஈயச் சொம்பு இருந்தால் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். சொம்பில் இருப்பது வெள்ளீயம், அது 232 டிகிரி செல்சியஸில் உருகும், வெறும் சொம்பு கேஸ் அடுப்பில் சில நிமிடம்கூடத் தாங்காது.

மீதியை விற்பதானால், வீட்டிலேயே செம்பு, வெண்கலம், பித்தளை என்று பிரித்துவிட்டுப் போங்கள். கலந்து கொண்டுபோனால் எல்லாமே பித்தளை விலைக்குத்தான் போகும், செம்புக்கும் வெண்கலத்துக்கும் அதைவிட விலை உண்டு. தட்டினால் மணிபோல் நீளமாக ஒலிப்பது வெண்கலம். சுரண்டிய இடம் சிவந்தால் செம்பு. இரண்டு கடையில் விலை கேளுங்கள்.

சேலைகளை வெயிலில் உதறாதீர்கள். நிழலில், விசிறிக்கு அடியில் ஒருநாள் விரித்து வையுங்கள். மடிப்பு ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். பட்டு கீறியிருந்தால் அந்தச் சேலையை இனி உடுத்த முடியாது, முந்தியை மட்டும் ஒரு மீட்டர் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருப்பதில் கல்யாணக் கூறை ஒன்று, நீங்களோ மகளோ நிஜமாகவே உடுத்தப்போவது இரண்டு. கஞ்சி இல்லாமல் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாச்சை உருண்டை சரிகையைக் கறுக்க வைக்கும். அதற்குப் பதில் வசம்பை முடிந்து ஓரத்தில் போடுங்கள். தெருவில் “பழைய பட்டுச் சேலை” என்று கூவி வருபவர் வாங்குவது சரிகையில் உள்ள வெள்ளிக்காக. ஒரு சரிகை இழையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அவர் சொல்லும் முதல் விலைக்கு விடாதீர்கள்.

ஆசாரத்து ஜமுக்காளம் உங்கள் ஹாலில் விரியாது. அதற்காக எடைக்குப் போட வேண்டியதில்லை, வெட்டிப் பங்கிடலாம். அப்படியே கத்தரி வைத்தால் ஊடு நூல் சரசரவென்று பிரிந்துவிடும். வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை தையல் போட்டு, நடுவில் வெட்டி, ஓரத்தை நாடா வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தடித்த துணிக்கான மெஷின் உள்ள தையற்காரரிடம் கொடுங்கள். துவைப்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். ஒரு துண்டு உங்களுக்கு, ஒரு துண்டு அண்ணனுக்கு. அவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார் பாருங்கள்.

கடிதங்களில் அம்மா கைப்பட எழுதியவை அத்தனையும் இருக்கட்டும், வாழ்த்து அட்டைகளும் பத்திரிகைகளும் போகட்டும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றிவிடுங்கள், துரு தாளைத் தின்னும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அம்மாவின் கையெழுத்து கடிதத்தில் மட்டும் இருக்காது, பால் சொசைட்டி நோட்டையும் மளிகைக் கணக்கையும் புரட்டிப் பாருங்கள்.

ஒட்டும் தாள் ஆல்பத்தில் பசை மஞ்சளாகிப் படத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். இழுத்துப் பிய்க்காமல், பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு அறுப்பதுபோல் நகர்த்துங்கள். அசையவில்லை என்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிய படத்தையும் பிய்க்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படங்களுக்கு ஸ்கேனரில் நுணுக்க அளவை 600 டிபிஐ என்று வையுங்கள். கல்யாண ஆல்பத்தில் பாதி, மேடையில் மொய்க்கவர் நீட்டும் படங்கள். அவற்றை அந்தந்த வீட்டுக்கே கொடுத்துவிடலாம். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மென்மையான பென்சிலால் யார், யார் மகன், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விடும். இந்த வேலைக்கு உங்கள் அத்தையோ பெரியம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

கேசட்டை இந்த வாரமே மாற்றக் கொடுங்கள். ஓட்டும் மெஷின் குறைந்துகொண்டே வருகிறது. கேசட்டில் உள்ள சின்ன ஜன்னல் வழியே பார்த்து டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், கடையில் அதைச் சொல்லியே கொடுங்கள். எம்பி4 ஃபைலாக வாங்கி, ஒரு பென் டிரைவ் உங்களிடம், ஒன்று அண்ணனிடம்.

ஆட்டுக்கல்லைக் கொண்டுவராதீர்கள். தூக்க ஆள், லிஃப்ட், டைல்ஸ் எல்லாமே தொந்தரவு, அதில் யாரும் மாவாட்டப் போவதுமில்லை. ஊரில் தோட்டத்துக்காரர் யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள், குழவியோடு.

எதையும் வெளியே அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, வேண்டுவோர் 10 நாளுக்குள் சொல்லவும், ஆடி முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளவும் என்று எழுதிவிடுங்கள். “அந்த அண்டா எங்கே?” என்று கேட்பவர் எப்போதும் அண்டா போன பிறகுதான் கேட்பார்.