கால்வாய் அடைத்தால் யாரைக் கேட்பது? முதலில் கால்வாயோடு நடந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். பேராக்கில் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறுநகரத்தில் இருக்கிறோம். லயத்தில் இருந்தவர்களுக்காகத் தோட்டத்து ஓரமாகக் கட்டிக் கொடுத்த 42 மலிவுவிலை வீடுகள். வீட்டுப் பின்னால் ஓடும் கால்வாய் அடைத்துக்கொண்டு, சாயங்கால மழை என்றால் தண்ணீர் சமையற்கட்டுக்குள் வந்துவிடுகிறது. மாவட்ட மன்றத்தில் கேட்டால் "அது தனியார் நிலம்" என்கிறார்கள். தோட்டத்து ஆபீசில் "வீடு கட்டிக் கொடுத்தாச்சு, இனிமேல் மன்றத்தைப் பாருங்கள்" என்கிறார்கள். தமிழ்ப்பள்ளிக்குப் போகும் சடக்கில் இரண்டு விளக்குகள் ஆறு மாதமாக எரியவில்லை. எங்களுக்கு கவுன்சிலர் யார் என்றே தெரியாது. இனி வீட்டு வரி கட்டவேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

சகோதரி, நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்றாவதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேஸ் தோங்குக்குப் பின்னால் சுவரில் ஒரு சாண் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே மூன்றாவது. மூன்று மழை. மேல் கோட்டை மறைக்க யாரோ சாயம் அடிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறார்கள். இந்த வீட்டுக்காரரிடம் "இடம் எங்களுடையது இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்தப் பதில் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் அதைத் தாண்டிப் போகமுடியும்.

நான் ஓர் ஊராட்சி மன்றத்தின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். புகார்க் கடிதம் வந்ததும் முகப்பில் தேதி சாப், அதாவது முத்திரை, விழும். அதிகாரி கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கீழே அனுப்புவார். தொழில்நுட்ப உதவியாளர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போவார். அடைப்பைப் பார்க்கும் முன் அவர் பார்ப்பது எல்லையை. அடைப்பு தனியார் லோட்டுக்குள் இருந்தால் "கவாசான் பெர்செண்டிரியான்", அதாவது தனியார் பகுதி, என்று மலாயில் இரண்டு சொல் எழுதிக் கையெழுத்துப் போடுவார். கோப்பு மூடிவிடும். அவர் எழுதியது பொய்யில்லை. மன்றத்துப் பணத்தைத் தனியார் நிலத்தில் செலவழித்தால் கணக்காய்வில் மாட்டிக்கொள்வார். ஆனால் "அப்படியென்றால் அது யாருடையது, அவரைச் சுத்தம் செய்யவைக்க நாம் என்ன செய்யப்போகிறோம்" என்கிற அடுத்த வரியை யாரும் எழுதுவதில்லை. அந்த வரியை எழுதவைப்பதற்குத்தான் உங்கள் கடிதம் போகவேண்டும்.

அதற்கு, பேனாவை எடுப்பதற்கு முன்னால், மழையில்லாத ஒரு காலையில் இரண்டு பேராக பூட்ஸ் போட்டுக்கொண்டு கால்வாயோடு நடந்து போங்கள். வீட்டிலிருந்து தண்ணீர் போய்ச் சேரும் இடம்வரை. உங்கள் படங்களிலிருந்து எனக்குத் தெரிவது இது: வீடுகளுக்குப் பின்னால் உள்ள சிமெண்டுக் கால்வாயில் புல் முளைத்திருந்தாலும் தண்ணீர் நகர்கிறது. செம்பனை லாரி போகும் செம்மண் சடக்குக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய். அதன் வாய் ஒரு பக்கம் உடைந்து உள்ளே இறங்கியிருக்கிறது. காய்ந்த செம்பனை மட்டை, பிளாஸ்டிக் பை, வண்டல் எல்லாம் சேர்ந்து முக்கால்வாசி மூடிவிட்டன. அந்தப் பக்கம் மண் வாய்க்காலாகி ஓடையில் போய் விழுகிறது. உங்கள் வீட்டுப் பின்புறத்தை மன்றம் பத்துமுறை சுத்தம் செய்தாலும் பயனில்லை. தண்ணீர் மாட்டிக்கொள்வது அந்தக் குழாயில்தான்.

இந்தக் குறுகிய தூரத்துக்குள் மூன்று பொறுப்பாளிகள் இருக்கலாம். வீட்டுப் பின்புறக் கால்வாய், குடியிருப்பின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் கால்வாய் ஒதுக்கீடாகக் காட்டப்பட்டு முறைப்படி ஒப்படைக்கப்பட்டிருந்தால், மன்றத்தின் பராமரிப்பில் வரும். செம்மண் சடக்கும் அதன் அடியில் உள்ள குழாயும் பெரும்பாலும் தோட்டத்தின் நிலம். ஓடை வடிகால் நீர்ப்பாசனத் துறையின், அதாவது ஜேபிஎஸ்ஸின், கவனிப்பு. எது எவருடையது என்று யூகிக்க வேண்டாம். மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரியின், அதாவது மதிப்பீட்டு வரியின், பில்லில் உங்கள் லோட் எண் இருக்கும். மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய் குடியிருப்பின் "பெலான் சூசுன் ஆத்தூர்", அதாவது மனை அமைப்பு வரைபடம், பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். கால்வாயும் சடக்கும் மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டனவா, எந்தத் தேதியில் என்பதையும் அங்கேயே கேளுங்கள். பக்கத்து லோட்டின் எண்ணையும் முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயரையும் அதே வரைபடத்திலிருந்து குறித்துக்கொண்டு நில அலுவலகத்தில் "சாரியான்", அதாவது பதிவேட்டுத் தேடல், போட்டால் உரிமையாளர் பெயர் காகிதத்தில் வந்துவிடும். கட்டணம் கட்டி யாரும் கேட்கலாம். தேசிய நிலச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

சடக்கு தோட்டத்தின் நிலம் என்றே ஆகட்டும். "தனியார் நிலம்" என்பதோடு மன்றத்தின் கடமை முடிந்துவிடாது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 80ஆவது பிரிவு, பொதுமக்களுக்குத் தொல்லையாக இருப்பதை அகற்ற மன்றம் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. பொது இடமானாலும் தனியார் இடமானாலும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. தனியார் நிலத்தில் மன்றம் குழாய் மாற்றித் தரவேண்டும் என்பது இதன் பொருளல்ல. அந்த நிலத்தின் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்துச் சரிசெய்ய வைக்கவேண்டும் என்பது பொருள். இத்தனை நாள் நீங்கள் கேட்டது "கால்வாயைச் சுத்தம் செய்யுங்கள்". இனி "80ஆவது பிரிவின் கடமைப்படி, 82ஆவது பிரிவின்கீழ் நில உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். இந்தக் கோரிக்கைக்குமுன் "கவாசான் பெர்செண்டிரியான்" செல்லாது.

இன்னொரு கதவும் உண்டு. தண்ணீர் நாள்கணக்கில் தேங்கியிருந்தால் கொசுப்புழு இருக்கும். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் தனியார் வளாகத்துக்குள்ளும் நுழைந்து சோதிக்கும் அதிகாரம் தருகிறது. தோட்டமும் இதற்கு விலக்கல்ல. கண்ணாடிப் போத்தலில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுங்கள். புழு நெளிவது தெரிந்தால் அந்தப் படத்தோடு சுகாதார அலுவலகத்துக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். வீட்டில் யாருக்காவது டிங்கி வந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்களில் யாராவது இன்னும் தோட்டத்தில் வேலை செய்துகொண்டு லயத்து வீட்டிலேயே இருந்தால், அவர்களுக்கு வழி வேறு. தண்ணீர், மின்சாரம், வீட்டுப் பழுது எல்லாம் தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446இன்படி முதலாளியின் கடமை. அந்தப் புகார் ஆள்பலத் துறைக்கு, மக்கள் சொல்லும் லேபர் ஆபீசுக்குப் போகவேண்டும். 42 வீட்டுக்காரர்களின் கடிதத்தில் லயத்து விஷயத்தைக் கலந்துவிட்டால் இரண்டும் தட்டிக்கழிக்கப்படும்.

கடிதம் ஒரு பக்கத்துக்குமேல் வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒரே விஷயம். கால்வாய்க்கு ஒன்று, விளக்குக்கு இன்னொன்று. மலாயில் எழுதுங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள்கூட எழுதிக் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் படித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பில் "அடுவான் லோங்காங் தெர்சும்பாட்" (கால்வாய் அடைப்புப் புகார்) என்று போட்டு, அதன்பக்கத்திலேயே லோட் எண். முதல் பத்தியில் எந்தத் தேதிகளில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. இரண்டாவதில் நடந்து பார்த்ததில் அடைப்பு எங்கே இருக்கிறது, அந்த லோட் யாருடையது. மூன்றாவதில் உங்கள் கோரிக்கை, 80, 82ஆவது பிரிவுகளோடு. கீழே "சாலினான் கெப்பாடா" என்று போட்டு கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர், மாவட்ட அலுவலகம், தோட்ட நிர்வாகம் என நகல்கள். நகல் போகும் இடங்களைப் பார்த்துத்தான் ஒரு கோப்பை எத்தனை வேகமாக நகர்த்தவேண்டும் என்று அலுவலகம் முடிவுசெய்யும். நான் இருந்த இடத்திலும் அப்படித்தான்.

படங்களில் தண்ணீர் நிற்கும்போது எடுத்ததும் வேண்டும், வடிந்தபின் குழாய் வாயை எடுத்ததும் வேண்டும். குழாய்க்குள் ஓர் அடிக்கோலை நட்டு வண்டல் எத்தனை அங்குலம் என்று தெரியும்படி எடுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பைத் திறந்துவைத்து எடுத்தால் தேதியும் இடமும் படத்தோடு பதிவாகும். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஒன்றை முகப்பில் கொடுத்து இன்னொன்றில் சாப் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தச் சாப் போட்ட பிரதியோடு போய் கோப்பு எண் கேளுங்கள். அதன்பிறகு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த எண் மேலே இருக்கட்டும். மன்றம் பேசாமலே இருந்தால், ஊராட்சி மாநில அரசின் கையில் உள்ள விஷயம் என்பதால், அடுத்த படி மாநில அரசுச் செயலகத்தின் ஊராட்சிப் பிரிவு. வேறு எங்கும் முதலில் ஓடவேண்டாம்.

உங்கள் கவுன்சிலர் யார் என்று தெரியாதது உங்கள் குற்றமில்லை. அவர் உங்கள் ஓட்டில் வந்தவரில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இல்லாமலே போயிற்று. தேர்தல் திரும்ப வரவேண்டும் என்று 1968இல் அறிக்கை கொடுத்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் ஆதி நாகப்பன். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. இன்றைக்கு ஒவ்வொரு மன்றத்திலும் தலைவரைத் தவிர 8 முதல் 24 பேரை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு தவணை மூன்று வருடத்துக்கு மேல் இல்லை. தங்கள் சமூகத்தின் நலனைப் பேசக்கூடியவர்களை அந்த இடங்களில் அமர்த்தலாம் என்று சட்டமே சொல்வதால், தோட்டத்து மக்கள் அந்த நாற்காலியில் ஒருவரை எதிர்பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மன்றத்தின் முகப்பில் "எங்கள் பகுதிக்கு எந்த அஹ்லி மஜ்லிஸ்?" என்று கேட்டால் பெயரைச் சொல்லவேண்டும். அவரிடம் போகும்போது "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "மாதக் கூட்டத்தில் இதை எழுப்பி, கூட்டக் குறிப்பில் பதிவுசெய்யுங்கள்" என்று கேளுங்கள். கூட்டக் குறிப்பின் ஓரத்தில் "திண்டாக்கான்", அதாவது நடவடிக்கை எடுக்கவேண்டியவர், என்று ஒரு பத்தி இருக்கும். அதில் பொறியியல் பிரிவின் பெயர் விழுந்துவிட்டால், அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தப் பிரிவின் தலைவர் எழுந்து பதில் சொல்லியாகவேண்டும். நாங்கள் பயந்தது பத்திரிகைச் செய்திக்கல்ல, அந்தப் பத்திக்கு. மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் தவிர, கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததுதான் என்று அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. நான்கைந்து தாய்மார்கள் போய்ப் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஒரு வார்த்தை பேசவேண்டாம்.

வீட்டு வரி விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: நிறுத்தாதீர்கள். ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் மதிப்பீட்டு வரி பிப்ரவரி முடிவிலும் ஆகஸ்ட் முடிவிலும் கட்டவேண்டியது. பாக்கி நின்றால் வீட்டுச் சாமான்களைக் கைப்பற்ற வாரண்டு வரும். உங்கள் கடிதத்தைக் கையில் எடுக்கும் அதிகாரி முதலில் கணினியில் பாக்கியைத்தான் பார்ப்பார். "துங்காக்கான்" என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே திசைமாறிவிடும். ரசீதின் நகலைக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். வரி கட்டும் 42 வீடுகள் என்பதுதான் உங்கள் பலம். மே மாதத்துக்குள் நில அலுவலகத்துக்குக் கட்டும் நிலவரி வேறு, இது வேறு. அந்த ரசீதைக் கொண்டுபோய் மன்றத்தில் காட்டி வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக விளக்கு. பள்ளிக்குப் போகும் சடக்கின் ஓரத்தில் எண் பலகை இருக்கிறதா பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசு சாலை. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் வழியாக ஓடும் 1ஆம் எண் சாலையைப்போல. எண்ணுக்கு முன்னால் "ஏ" என்ற எழுத்து இருந்தால் பேராக் மாநிலச் சாலை. இரண்டுக்கும் பொதுப்பணித் துறையை, ஜேகேஆரைக் கேளுங்கள். பலகையே இல்லையென்றால் மன்றத்தின் சடக்காகவோ தோட்டத்துச் சடக்காகவோ இருக்கும். அப்போது மன்றத்தில் "இந்தச் சடக்கு மாரிஸ் பதிவேட்டில் இருக்கிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள். கூட்டரசு தரும் சாலைப் பராமரிப்பு மானியம் அந்தப் பதிவேட்டில் உள்ள நீளத்துக்குத்தான் கணக்காகிறது. இல்லையென்றால், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கடிதத்தோடு சேர்க்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் "கோயிலுக்குப் பக்கத்து விளக்கு" என்று சொன்னால் ஆள் வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். கம்பம் மின்சார நிறுவனமான தெனாகாவுடையது என்றால் 15454க்கும் அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். படத்தை இரவு எட்டு மணிக்குமேல், எரியும் பக்கத்து விளக்கும் அதற்குள் தெரியும்படி எடுங்கள்.