கோட்டை மேட்டு அகழாய்வுக்கு மகளை அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இங்கிலாந்தில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், கோடை விடுமுறையில் சம்பள வேலைக்குப் போகாமல், நார்மானியர் காலத்துக் கோட்டை மேடு ஒன்றில் தன்னார்வலராக அகழாய்வு செய்யப்போவதாகச் சொல்வது உங்களைக் கலங்கவைத்திருக்கிறது. தொல்லியலில் வேலை தேடும் எண்ணம் அவருக்கு உண்மையாகவே இருந்தால், தயங்காமல் அனுப்புங்கள்.

1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர், மண்ணைக் குவித்து மேடாக்கி, உச்சியில் மரக்கோபுரமும் அடியில் வேலியிட்ட முற்றமுமாகப் பல கோட்டைகளை எழுப்பினார்கள். மரம் மட்கிவிட்டதால், கம்பம் நட்ட இடங்கள் மண்ணின் நிற வேறுபாடாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன. வேல்ஸில் மான்ட்கொமரி அருகேயுள்ள ஹென் டோமென் என்ற கோட்டை மேட்டில் தொல்லியலாளர் பிலிப் பார்க்கர் 1960இல் தொடங்கி, மாணவர்களையும் தன்னார்வலர்களையும் கொண்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திய அகழாய்வில் கிடைத்த பொருள்கள் மிகச் சொற்பம். ஆயினும் முற்றம் முழுதும் மரக்கட்டடங்கள் நெருங்கி நின்றதை அந்த மண்கறைகளைக் கொண்டே நிறுவினார்கள். அந்தப் பொறுமைதான் இத்துறையில் முதலில் கற்க வேண்டியது.

உங்கள் மகள் மண்டியிட்டு, கொத்தனார் கரண்டி போன்ற சிறு கருவியால் மண்ணைச் சீவியபடி, சுத்தம் செய்த பரப்பை மிதிக்காமல் பின்னோக்கி நகர்வார். வட்டமாகக் கருத்த மண் தென்பட்டால், ஒரு பாதியை மட்டும் வெட்டியெடுத்து, வெட்டுமுகத்தை அளந்து வரைந்து, நிறம், பதம், எந்த அடுக்கின் மேல் எது கிடக்கிறது என்பவற்றைப் படிவத்தில் எழுதுவார். வேலை தருபவர்கள் பார்ப்பது இந்தப் பதிவுத் திறனைத்தான்.

வேலை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கட்டுமானத்துக்கு முன் தொல்லியல் ஆய்வுக்கான செலவைக் கட்டடம் கட்டுபவரே ஏற்கும் முறை இங்கிலாந்தில் 1990 முதல் வலுப்பெற்றதால், தனியார் அகழாய்வு நிறுவனங்களில் இடங்கள் இருக்கின்றன. பட்டத்தோடு களப்பயிற்சியும் அங்கே எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவு, ஒப்பந்தங்கள் குறுகியவை, ஊர் ஊராக மாற வேண்டியிருக்கும். இதை மகளிடம் மறைக்காமல் பேசுங்கள்.

அகழாய்வில் சேரப் பணம் கட்டுவதற்கு முன், அகழாய்வை நடத்துபவர் யார், முடிவுகளை வெளியிட்டிருக்கிறாரா, பதிவு செய்யக் கற்றுத்தருவார்களா அல்லது வாளி சுமக்க மட்டும் ஆள் தேடுகிறார்களா என்று உங்கள் மகள் விசாரிக்கட்டும். அந்த மேடு பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால், 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டப்படி அரசு அனுமதி வேண்டும். அது பெறப்பட்டுள்ளதா என்று கேட்பதில் தவறில்லை. காப்பீடு, தங்குமிடம், டெட்டனஸ் ஊசி ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் அதிகமென்றால், உள்ளூர்த் தொல்லியல் சங்கங்களின் அகழாய்வுகளை விசாரிக்கலாம்.

மாணவர் விசாவில் சம்பளமில்லா வேலையும் சில வகைகளில் வேலை நேரக் கணக்கில் சேரும் என்பதால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமான பதிலைப் பெற்ற பிறகே முன்பதிவு செய்யச் சொல்லுங்கள்.