பெண்பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் வர அரும்பொருளகச் சுற்றுலா மட்டும் போதுமா?

கேள்வி: சமூக மன்றத்தில் தொடக்கநிலை 4, 5 மாணவிகள் 12 பேருக்கு ஒரு குழு நடத்துகிறோம். அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போனால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆர்வம் நிலைக்க என்ன செய்யலாம்?

போதாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே ஒரு காட்சிப்பொருளைத் தேர்ந்தெடுங்கள். போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, போய்வந்த பின் ஒரு சனிக்கிழமை அதற்கே கொடுங்கள்.

என் தேர்வு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் ஸ்பெர்ம் திமிங்கல எலும்புக்கூடு. 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த பெண் திமிங்கலம் அது, நீளம் 10.6 மீட்டர். நாட்டின் 50ஆம் ஆண்டில், அதாவது பொன்விழா (ஜூபிலி) ஆண்டில் கிடைத்ததால் ‘ஜூபி லீ’ என்று பெயர். அங்குள்ள டைனோசர்கள் ஈர்ப்பானவைதான், ஆனால் இது நம் கடலில் கிடைத்தது.

முதல் சனிக்கிழமை, புளோக்கின் கீழ்த்தளத்தில் 10.6 மீட்டர் கயிற்றை நீட்டி, அதன் மேல் எத்தனை பேர் தலையும் காலும் தொடப் படுக்கலாம் என்று முதலில் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். பிறகு படுத்துப் பார்க்கட்டும். அரும்பொருளகத்துக்கு மூன்று கேள்விகள் போதும்: பற்கள் எந்தத் தாடையில்? துடுப்புக்குள் விரல்கள் உண்டா? மண்டையோட்டின் இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா? அங்கே நீங்கள் விடை சொல்லாதீர்கள். கீழ்த்தாடைப் பற்களும் துடுப்பின் விரலெலும்புகளும் சட்டென்று கண்ணில் படும். மூன்றாவது, வரைந்து பார்த்தால்தான் பிடிபடும். கைப்பேசி பையில், பென்சில் கையில் என்பது மட்டும் கண்டிப்பான விதி.

போய்வந்த பிறகு செய்யும் சோதனைதான் இதில் முக்கியம். ஸ்பெர்ம் திமிங்கலம் 1,000 மீட்டருக்கும் கீழே, மிகக் குளிர்ந்த நீருக்குப் போகிறது. எப்படித் தாங்குகிறது? தோலுக்கு அடியில் உள்ள தடித்த கொழுப்புதான் குளிரைத் தடுக்கிறது; அதைக் கையாலேயே உணரலாம். ஒரு ஜிப் பையில் 250 கிராம் வனஸ்பதி போடுங்கள். இன்னொரு பையை உள்வெளியாகத் திருப்பி அதற்குள் நுழைத்து, இரண்டின் வாய்களையும் சேர்த்துப் பூட்டினால் கொழுப்புக் கையுறை தயார். நெய் வேண்டாம், நம் ஊர் வெப்பத்தில் இளகி ஓடிவிடும். பன்றிக் கொழுப்பும் வேண்டாம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தயங்காமல் கை விட வேண்டும். கொழுப்பில்லாத வெறும் இரட்டைப் பையும் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், குளிரைத் தடுத்தது கொழுப்பா, பிளாஸ்டிக்கும் இடையில் உள்ள காற்றுமா என்று சொல்ல முடியாது. 2 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ பனிக்கட்டி, ஒரு வெப்பமானி, ஒரு நிறுத்துகடிகாரம். 5 டிகிரி அளவுக்கு இறங்கியதும், ஒரு கையைக் கொழுப்புக் கையுறையிலும் மற்றதை வெறும் பையிலும் நுழைத்து, இரண்டையும் ஒன்றாக நீருக்குள் விட வேண்டும். 60 வினாடிக்கு மேல் வேண்டாம். வலித்தால் உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டு இடங்களில் இது தவறும். விரல்நுனியில் கொழுப்பு விலகி மெலிந்தால் அங்கே குளிரும். இரண்டாவது, பனிக்கட்டி வேகமாக உருகுவதால் கடைசி ஜோடிக்கு நீரின் குளிர் குறைந்து, ‘எனக்குக் குளிரவே இல்லை’ என்பாள் ஒருத்தி. உடனே சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஏன் வேறுபட்டது என்று அவர்களே தேடி, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வரட்டும். வழவழப்பான விளக்கவுரையைவிட இந்தப் பத்து நிமிடம் எவ்வளவோ மேல்.

ஒரு தொகுப்புக்கு இருவர்தான். நால்வரானால் ஒருத்தி செய்வாள், மற்றவர்கள் எழுதுவார்கள். ஆண்பிள்ளைகளும் சேர்ந்த குழுவில் பெரும்பாலும் கருவி அவர்களிடமும் குறிப்பேடு இவளிடமும் போய்ச் சேரும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றுங்கள். பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல: ‘இங்க குடும்மா’ என்று பையைப் பிடுங்கிப் பூட்டிக் கொடுக்கும் தொண்டூழியர் ஒருவராவது இருப்பார். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்படி முன்பே சொல்லிவிடுங்கள். ‘கெட்டிக்காரி’ என்று பாராட்டுவதைவிட, ‘இரண்டு தரம் அளந்தாய், அதனால்தான் கண்டுபிடித்தாய்’ என்பது நல்லது. இளஞ்சிவப்பு நிறச் சோதனைப் பெட்டிகளுக்குக் காசை வீணாக்க வேண்டாம்.

முன்மாதிரி என்று பூஞ்சையியலாளர் குளோரியா லிம்மைச் சொல்லலாம். 1973இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக அறிவியல் துறைப்புலத்தின் முதல் பெண் தலைவரானவர். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு, ஆய்வகத்தில் வேலை பழகும் பலதுறைத் தொழிற்கல்லூரி அக்கா ஒருவர் நேரில் வந்து உட்கார்ந்தால் பயன் அதிகம். வாழ்க்கைக் கதை வேண்டாம். ‘நேற்று என்ன வேலை செய்தீங்க, எது சரியா வரல’ என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

தொடர விரும்புபவர்களுக்கு அறிவியல் நிலையத்தின் இளம் விஞ்ஞானி சின்னத் திட்டம் இருக்கிறது. தலைப்பைத் தேர்ந்து, செயல்களை முடித்துச் சின்னம் பெறலாம். இங்கே 1917இலிருந்து இயங்கும் பெண் சாரணியர் அமைப்பில் இருப்பவர்களுக்குச் சின்னம் சேர்ப்பது புதிதல்ல.

காலத்தைப் பொறுத்தவரை ஜூன் விடுமுறையின் மூன்று சனிக்கிழமைகள் சரியாக இருக்கும். செப்டம்பரில் தொடங்கினால் ஆண்டிறுதித் தேர்வுக்காகப் பாதிப் பேர் டியூஷன் வகுப்பில் இருப்பார்கள்.