கோழிக்குஞ்சுக்குக் கொத்தச் சொல்லிக்கொடுத்தது யார்?

கேள்வி: பொரித்த முதல் நாள் கோழிக்குஞ்சு தானியத்தைக் குறிதவறிக் கொத்துகிறது, நான்காம் நாள் குறி தப்புவதில்லை. அப்படியென்றால் அது பழகிக் கற்ற வித்தைதானே?

பதில்: அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த நான்கு நாளில் குஞ்சு பழகவும் செய்கிறது, அதன் நரம்பும் தசையும் முதிரவும் செய்கின்றன. குறி கூடியது எதனால்? இதைப் பிரித்துப் பார்த்தவர் எக்கார்ட் ஹெஸ் (1956). குஞ்சுகளை இருட்டிலேயே பொரிக்கவைத்து, வெளிச்சம் படுமுன் பட்டகக் கண்ணாடி மாட்டினார். பார்க்கும் பொருள் 7 டிகிரி ஒரு பக்கம் நகர்ந்து தெரியும். எதிரே களிமண்ணில் பதித்த பித்தளை ஆணி. கொத்தும் இடமெல்லாம் மண்ணில் குழி விழும், எண்ணிப் பார்த்துவிடலாம்.

முதல் நாள் குழிகள் சிதறிக் கிடந்தன. சில நாளில் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுந்தன, ஆனால் ஆணியில் அல்ல, அதன் பக்கத்தில்! அலகுக்கு ஆணி கிட்டாதபோதும் குஞ்சுகள் திருத்திக்கொள்ளவில்லை. குறி கூடியது முதிர்ச்சியால்தான் என்பது ஹெஸ்ஸின் முடிவு.

எதைக் கொத்தக்கூடாது என்பதோ பெரும்பாலும் அனுபவம். கசப்புத் திரவம் தோய்த்த பாசிமணியை ஒருநாள் வயதுக் குஞ்சிடம் நீட்டினால் ஒரு கொத்து கொத்தித் தலையை உதறும். பிறகு அதே மணியைக் காயவைத்து நீட்டினாலும் தொடாது. ஒரே பாடம் போதும். ஒரு செயல் 'பிறவியா, கற்றதா' என்று மொத்தமாகக் கேட்பதைவிட, அதில் எந்தப் பகுதி எது என்று கேட்பதே சரி.

கேள்வி: காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் குயில் குயிலாகத்தானே கூவுகிறது? பறவைப் பாட்டெல்லாம் பிறவியிலேயே வருவதுதானா?

பதில்: குயிலுக்குச் சரி, பாடும் சிட்டுகளுக்குப் பொருந்தாது. வட அமெரிக்காவின் வெண்முடிச் சிட்டை பீட்டர் மார்லர் ஆராய்ந்தார். ஆண் குஞ்சு ஏறத்தாழ 10 முதல் 50 நாள் வயதுக்குள் தன் இனத்தின் பாட்டைக் கேட்க வேண்டும். பாடுவது பல மாதம் கழித்துத்தான். ஆனால் அந்தக் காலத்தில் கேட்காவிட்டால் பாட்டு அரைகுறையாகவே நிற்கும்.

குஞ்சைத் தனியே வளர்த்தால் எது பிறவி, எது கற்றது என்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். தனிக்கூண்டிலும் குஞ்சு தன் குரலைக் கேட்டபடிதான் இருக்கும். பாடத் தொடங்குமுன்பே செவிப்புலன் நீக்கப்பட்ட சிட்டுகளின் பாட்டு, தனியே வளர்ந்தவற்றின் பாட்டைவிட மோசமாக இருந்ததை மசகாசு கொனிஷி 1965-ல் காட்டினார். கேட்டதை நினைவில் வைத்து, தன் குரலை அதனோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் பறவை பாட்டைச் செதுக்குகிறது.

ஆனால் தன் இனப் பாட்டையும் வேற்றினப் பாட்டையும் சேர்த்து ஒலிபரப்பினால் குஞ்சு தன் இனப் பாட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. எதைக் கற்க வேண்டும் என்ற அந்தத் தேர்வை யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை.