பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநங்கைகள் போன்றோர்) பற்றிய நம் எண்ணத்தைச் செய்திகள் எப்படி மாற்றுகின்றன?

ஒரு நிகழ்வில் எதை முன்னால் வைப்பது, எந்தச் சொல்லால் அழைப்பது, யாரைப் பேசவிடுவது என்று செய்தியாளர் செய்யும் தேர்வுதான் 'செய்திச் சட்டகம்'. கல்யாண மண்டபத்தைச் சமையற்கட்டு ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவருக்குக் கல்யாணம் என்றாலே புகையும் பாத்திரச் சத்தமும்தான்.

பலருக்குத் தன்பாலீர்ப்பாளர், அதாவது தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு கொண்டவர், ஒருவரையும் நேரில் தெரியாது. அந்த இடத்தைச் செய்தி நிரப்பிவிடுகிறது. ஒரு குற்றச் செய்தியில், குற்றத்துக்குத் தொடர்பே இல்லாதபோதும் 'திருநங்கை' என்ற அடையாளத்தைத் தலைப்பில் போட்டால், மனதில் ஒட்டுவது பெயரல்ல, அந்தச் சொல். அடுத்த நாள் பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமரும் திருநங்கையைப் பார்த்துக் கைப்பையை இழுத்துக்கொள்வது அதனால்தான்.

சொல்லும் முக்கியம். 'ஓரினச் சேர்க்கையாளர்' என்பது ஒரு முழு வாழ்க்கையைப் படுக்கையறைச் செயலாகச் சுருக்குகிறது; 'தன்பாலீர்ப்பாளர்' ஈர்ப்பைச் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால், கண்ணியமான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழிலேயே வெளியிட்டது. நிருபர்கள் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டிய பட்டியல் அது.

2014இல் கோவையின் லோட்டஸ் தொலைக்காட்சியில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். அங்கே அவர் செய்திப் பொருள் அல்ல, செய்தி சொல்பவர். எவ்வளவு பெரிய மாற்றம்!

'டிவியில் காட்டினால் பிள்ளைகள் அப்படி ஆகிவிடுவார்கள்' என்பது தவறு: செய்தி பார்த்து ஈர்ப்பு மாறாது, ஏற்கெனவே அப்படி இருக்கும் பிள்ளைக்கு வீட்டில் வாய் திறக்கும் தைரியம்தான் கூடும் அல்லது குறையும்.