கோடு போட்ட உலகம்

கேள்வி: செக் இயக்குநர் கரெல் ஸெமன் 1958இல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். ஆட்கள் நிஜம்தான், ஆனால் சுற்றியிருப்பதெல்லாம் பழைய புத்தகத்தில் வரும் சித்திரம் மாதிரி இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்?

பதில்: நீங்கள் பார்த்தது 'வினாலெஸ் ஸ்காஸி'. 'அழிவுக்கான கண்டுபிடிப்பு' என்று தமிழில் சொல்லலாம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் கதை. வெர்ன் நாவல்கள் முதலில் வந்தபோது எடுவார் ரியூ, லியோன் பெனெட் போன்றவர்கள் அவற்றுக்குப் படம் போட்டார்கள், மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள். அந்த அச்சில் எல்லாமே கோடுதான். இருட்டு வேண்டுமா, கோட்டை நெருக்கிப் போடு, வெளிச்சம் வேண்டுமா, விலக்கிப் போடு. வெர்னைப் படமாக்கினால் அந்தக் கோடுகளோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதில் ஸெமன் பிடிவாதமாக இருந்தார். அதனால் செட் சுவரில் கோடு, மேசை நாற்காலியில் கோடு, நடிகர்களின் உடையில்கூடக் கோடு. அப்புறம் கண்ணாடியில் தீட்டிய காட்சிகள், சின்ன மாடல்கள், வெட்டி எடுத்த அட்டைப் படங்கள், ஒரே பிலிமில் இரண்டு முறை படம்பிடிப்பது என்று அன்றைக்குக் கைக்கு எட்டிய எல்லாத் தந்திரங்களும் உண்டு. தந்திரக் காட்சி எடுக்கிற மற்றவர்கள் சித்திரத்தை நிஜமென்று நம்பவைக்கப் பாடுபடுவார்கள். இவர் நிஜ மனிதனைச் சித்திரத்துக்குள் குடியேற்றிவிட்டார். அதனால்தான் 60 வருடம் தாண்டியும் படம் பழசாகவில்லை என்று நினைக்கிறேன். படத்துக்குள்ளேயே ஒரு செய்திப்படம் ஓடும், அதில் ஒட்டகங்கள் சக்கரச் செருப்பு மாட்டிக்கொண்டு வரும், கவனித்தீர்களா? இல்லையென்றால் அதற்காகவே இன்னொரு தடவை பாருங்கள்.

கேள்வி: அவர் ஓவியம் படித்தவரா?

பதில்: விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். கடை ஜன்னல்களை அலங்கரித்திருக்கிறார். 1943இல் செக் நாட்டு ஸ்லின் நகர ஸ்டூடியோவில் சேர்ந்தார். நம் ஊரில் செருப்புக்கடையாகத் தெரிந்த பாட்டாவின் சொந்த ஊர் அதுதான். ஸ்டூடியோவையும் விளம்பரப் படம் எடுப்பதற்காகப் பாட்டா கம்பெனிதான் ஆரம்பித்தது. கண்ணாடிப் பொம்மைகளை வைத்து அனிமேஷன் செய்ய முடியுமா என்று யாரோ பந்தயம் கட்டப்போய், 1940களின் கடைசியில் 'இன்ஸ்பிரட்ஸே' என்ற குறும்படத்தை எடுத்தார். களிமண்ணோ மரப்பொம்மையோ என்றால் பொம்மையின் கையைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த பிரேமை, அதாவது அடுத்த ஒற்றைப் படத்தை, எடுத்துவிடலாம். கண்ணாடிப் பொம்மை வளையுமா? சூடாக்கி வளைத்து, ஆறவிட்டு, ஒரு பிரேம்; மறுபடி சூடாக்கி அடுத்தது. ஒரு நொடிப் படத்துக்கு 24 பிரேம் ஓட வேண்டும். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, டைனோசர் பைத்தியம். அவனுக்குக் காட்ட ஸெமன் படம் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, 'செஸ்தா தோ ப்ராவ்யேகு', 1955. 'ஆதிகாலத்துக்கு ஒரு பயணம்' என்று சொல்லலாம். நான்கு பையன்கள் படகில் ஓர் ஆற்றில் போகப் போகக் காலம் பின்னால் போகிறது. முதலில் மாமத் யானைகள், பிறகு டைனோசர்கள், நிலக்கரிக் காலத்துக் காடு, கடைசியில் ஆதிக் கடல். தொல்லுயிர் அறிஞர் யோசெஃப் அவுகுஸ்தா ஆலோசனை சொன்ன படம், ஆகவே விலங்குகள் எல்லாம் அன்றைய அறிவுப்படி இருக்கும்; இன்று சிலது மாறிவிட்டது, அதை அவனே உங்களுக்குத் திருத்திச் சொல்வான். செத்துக் கிடக்கும் ஸ்டெகோசாரஸ் மேல் பையன்கள் ஏறிப் பார்க்கிற இடத்தில் அவன் முகத்தைப் பாருங்கள். இத்தனைக்கும் அந்தப் பயணமே ஒரு சின்ன உயிருக்காக. பையன்களில் இளையவன் உயிரோடு ஒரு ட்ரைலோபைட்டை, எப்போதோ அழிந்துபோன ஓடுள்ள கடல் பிராணியை, பார்க்க ஆசைப்படுகிறான். பிராக் பக்கத்துப் பாறைகள் ட்ரைலோபைட் புதைபடிவங்களுக்குப் பேர்போனவை, அதனால் செக் பிள்ளைகளுக்கு அது அந்நியமான பிராணி இல்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அமெரிக்காவில் 1966இல் வெளியிட்டபோது வேறு தொடக்கம் எடுத்து ஒட்டிவிட்டார்கள். சப்டைட்டிலோடு செக் மூலத்தைத் தேடிப் பிடியுங்கள், பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லலாம்.